ஆமைக் கார் என்ன வேகம் போகும்?

போன ஆடி மாதம், முறிகண்டிப் பிள்ளையாரடி. இரண்டு ஹையேஸ் வான்களுக்கு நடுவில் ஒரு வெள்ளை வொக்ஸ்வாகன் பீற்றில், அதுதான் எங்கள் ஆமைக் கார், நின்றது. சொந்தக்காரர் பின்மூடியைத் தூக்கிவிட்டு, கச்சான் சரையும் கையுமாக மரநிழலில் நின்றார். ஏ9 வீதியால் போகிறவர்கள் அங்கே இறங்கிக் கும்பிட்டு, ஒரு சரை கச்சானாவது வாங்காமல் போவது அரிது. மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் ஒருவன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணை, இது என்ன வேகம் போகும்?"

"நூற்றிருபது அடிக்கும் தம்பி. முள்ளு ஆடாது."

பொடியன் சிரித்தான். அவன் ஏறி வந்த வண்டியே அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கும். சொந்தக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு பேரிலும் பிழை தெரியவில்லை. அந்த நூற்றிருபதில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கு, வேகம் காட்டும் முள்ளுக்கு எவ்வளவு, காற்றுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்குத் தீரும்.

முதலில் கொம்பனி சொன்னதைப் பார்ப்போம். பீற்றில் 1930களில் ஃபெர்டினண்ட் போர்ஷ வடிவமைத்த கார். அப்போது ஜேர்மனியில் புதிதாகப் போடப்பட்டுக்கொண்டிருந்த பெருந்தெருக்களில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் விடாமல் ஓட வேண்டும் என்பது அதற்கு வைக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று. "விடாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் உச்ச வேகம் என்பது தொட்டுவிட்டுத் திரும்புகிற ஒன்று. அதிலேயே பிடித்துக்கொண்டு போனால் ஏதாவது ஒன்று உடையும், உருகும், அல்லது றேடியேற்றர் கொதித்துத் தண்ணீரைக் கக்கும். வொக்ஸ்வாகன்காரர் மட்டும் உச்ச வேகம், தொடர்ந்து ஓடும் வேகம் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டார்கள். காலை நிலத்தோடு அழுத்திவிட்டு பெற்றோல் முடியும்வரை போகலாம் என்பது அதன் பொருள்.

அதை எப்படிச் செய்தார்கள்? எஞ்சினின் தொண்டையை நெரித்து வைத்தார்கள். காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்க, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னக் காபரேற்றர். அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஒடுங்கிய நீளமான குழாய். குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் எஞ்சினால் மூச்செடுக்க முடியாது. எவ்வளவு மிதித்தாலும் அது தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும் வேகத்துக்குப் போகாது. அதோடு, எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் கார் வேகமாக ஓடும்படி நாலாம் கியரை நீளமாக வைத்தார்கள். 1200 சீசீ காரில் நாலாம் கியரின் விகிதம் 0.89, பின் அச்சின் விகிதம் 4.375. சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீற்றர் உருளும். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,250 சுற்று அளவில்தான் சுழல்கிறது. அது முழு வலுவைத் தருவது 3,600 சுற்றில். நூறில் போகும்போது காதுக்குப் பெரிய இரைச்சலாக இருந்தாலும் எஞ்சினுக்கு அது நடை வேகம்தான்.

காலத்தோடு எண்களும் ஏறின. போருக்குப் பிந்திய கார்களில் 1131 சீசீ, 25 குதிரை வலு, 100 கிலோமீற்றர். 1954 ஆம் ஆண்டு மாதிரியில் 1192 சீசீ, 30 வலு, 110 அளவில். 1960 இல் அதே அளவு எஞ்சின் 34 வலுவுக்கு ஏறி 115 ஆனது. 1965 இல் 1300 வந்தது: 40 வலு, 120. அடுத்த வருடம் 1500: 44 வலு, 125. 1970 இல் 1600: 50 வலு, 130.

இந்த வரிசையின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். 25 வலுவுக்கு 100. அதை இரட்டித்து 50 ஆக்கினால் 200 அல்ல, 130. எல்லா உச்ச வேகக் கதைகளுக்கும் அடியில் கிடக்கிற கணக்கு இதுதான். காற்று காரைத் தடுக்கிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அந்த விசையை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போகத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது. இரண்டின் கனமூலம் 1.26. ஆகவே வலுவை இரண்டு மடங்காக்கினாலும் வேகம் கால்வாசிதான் கூடும். ரயர் உருளும் தடை இவ்வளவு கடுமையாக ஏறாதபடியால் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. வலுவைக் கூட்ட "கிட்" போட்டு, இரட்டைக் காபரேற்றர் போட்டுப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் கொட்டலாம்.

உருண்டையாக இருப்பதால் பீற்றில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று சொல்கிற இழுவைக் குணகம் அதற்கு 0.48 அளவில். இன்றைய சாதாரணக் கார்கள் 0.30 ஐச் சுற்றியே நிற்கின்றன. நிமிர்ந்த கண்ணாடி, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மட்காட், படி, தனியாகத் துருத்தும் விளக்கு எல்லாம் காற்றைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டு பேர் ஏறிய 1200 காருக்கு நான் போட்ட கணக்கில், நூறில் போகும்போது சில்லில் தேவைப்படுகிற 20 குதிரை வலுவில் பதினைந்து வரை காற்றுக்கே போய்விடுகிறது.

சரி, முள்ளுக்கு வருவோம்.

என் மாமாவிடம் ஒரு 1200 இருந்தது, கிளிநொச்சியில். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. 1957 இல் அந்த எழுத்து வந்தபோது தமிழரசுக் கட்சிக்காரர் தமிழ் எழுத்தைப் போட்டுக்கொண்டு ஓடியதை மாமா காரைக் கழுவும்போதெல்லாம் சொல்லுவார். அவர் அதை ஆமைக் கார் என்பாரே தவிர வேறு யாராவது அப்படிச் சொன்னால் கோபம் வரும். மாமா ஒருமுறை பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வழியில் "எண்பதில் போனார்" என்பது எங்கள் வீட்டில் ஒரு புராணம். அந்த எண்பது மைலா கிலோமீற்றரா என்று யாரும் கேட்டதில்லை. பழைய கார்களில் முள்ளு மைலில்தான் இருந்தது. 80 மைல் என்றால் 129 கிலோமீற்றர். 34 குதிரை வலுவுள்ள கார் சமதரையில் அந்த வேகத்துக்குப் போகாது. கணக்கு இடம் தராது. நாட்டில் மைல்கல் போய்க் கிலோமீற்றர் கல் வந்த பிறகு, பேச்சில் எண் அப்படியே இருக்க அலகு மட்டும் மாறிப் போனது. வன்னியில் கேட்கிற பழைய வேகக் கதைகளில் பாதி இப்படி அலகு தொலைந்த கதைகள்தான்.

அலகு சரியாக இருந்தாலும் முள்ளு சரியாக இருக்க வேண்டுமே. பீற்றிலின் ஸ்பீடோமீற்றருக்கு ஒரு கேபிள் முன் சில்லின் நடுவிலிருந்து நேராக வருகிறது. கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தொடாமலே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். கிண்ணத்தை மயிர்போன்ற ஒரு சுருள் பின்னால் பிடித்து வைத்திருக்கும். இந்த இழுபறியில் எங்கே சமநிலை வருகிறதோ அங்கேதான் முள்ளு நிற்கும். ஐம்பது வருடத்தில் சுருள் தளர்ந்தால் முள்ளு கூடக் காட்டும். காந்தம் சோர்ந்தால் குறையக் காட்டும். கேபிளில் கிறீஸ் வறண்டால் நாய் வால்போல ஆடும். முறிகண்டிக்காரர் "முள்ளு ஆடாது" என்று பெருமைப்பட்டாரே, அது காரின் வேகத்துக்கல்ல, கேபிளுக்குக் கிறீஸ் போட்ட மெக்கானிக்குக்குச் சேர வேண்டிய புகழ்.

புதுக் கருவியும் உண்மை பேசாது. முள்ளு உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடக் காட்டினால் பத்து வீதமும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் வரை பொறுக்கலாம் என்பது ஐ.நா.வின் வாகன விதி 39. ஆகவே உண்மையில் 105 இல் போகிற காரின் முள்ளு 119 இல் நின்றால் இன்றைய விதிப்படிகூட அது பிழையில்லை. அதற்கு மேல் ரயர். இந்தக் காருக்கு வேண்டிய ஒடுங்கிய 15 அங்குல ரயர் எங்கள் பக்கத்தில் இலேசில் கிடைக்காது. அகப்பட்டதைப் போடுவோம். 165/80 இருக்க வேண்டிய இடத்தில் 155/80 போட்டால் சில்லின் குறுக்களவு இரண்டரை வீதம் குறைகிறது. முள்ளு அதே அளவு கூடப் பொய் சொல்லும்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு உண்மையை அறிய ஒரு கைக்கடிகாரமும் கிலோமீற்றர் கல்லும் போதும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 36 விநாடி என்றால் 100. 40 என்றால் 90. 45 என்றால் 80. 50 என்றால் 72. சின்ன வயதில் பஸ்ஸின் முன்சீற்றில் இருந்து நாங்கள் இப்படித்தான் எண்ணினோம். இப்போது கைத்தொலைபேசியில் செய்மதி பார்த்துச் சொல்கிறது, அதுவும் நல்லதுதான். தொலைபேசியில் பார்த்த அன்று பலருடைய கார் பத்துக் கிலோமீற்றர் "மெலிந்துபோனதை" நான் கண்டிருக்கிறேன். ஒருவர் தொலைபேசியைத்தான் குறை சொன்னார்.

கல்லை வைத்து அளந்தாலும் ஒரே திசையில் அளந்தால் போதாது. ஏ9 வவுனியாவிலிருந்து வடக்கே ஏறுகிறது. வைகாசியிலிருந்து சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். யாழ்ப்பாணம் போகிற காரை அது முதுகில் தள்ளும், திரும்பி வருகிற காரை முகத்தில் அறையும். கார்த்திகை, மார்கழியில் வாடை என்றால் கதை தலைகீழ். முன்னாலிருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடிக்கும்போது 90 இல் போகிற கார், காற்றைப் பொறுத்தவரை 110 இல் போகிறது. காற்றில்லாத நாளில் தொடுகிற 115 ஐ 34 வலு அப்போது தொடாது. காற்று முதுகில் இருந்தால் அதே கார் 125 ஐயும் தொடலாம். அதனால்தான் முறையாகச் சோதிப்பவர்கள் போயும் வந்தும் ஓடிச் சராசரி எடுக்கிறார்கள். நம்மவர்கள் போனதை மட்டும் சொல்வார்கள், அதுவும் சோளகத்தில் போனதை.

இன்னொரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. வெக்கையில் கார் வேகம் குறையும் என்று நினைத்திருந்தேன். 38 பாகை வெயிலில் காற்று, 15 பாகைக் குளிர்ந்த ஊரில் இருப்பதைவிட ஏழு வீதத்துக்கு மேல் ஐதானது. எஞ்சினுக்குக் கிடைக்கிற ஒட்சிசன் குறைவு, வலு குறைவு. சரிதான். ஆனால் காரைத் தடுக்கிற காற்றும் அதே ஏழு வீதம் ஐதுதான். ஒன்றை ஒன்று கழித்துவிட்டால் உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. வெயில் வேகத்தைத் திருடுவதில்லை. அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத்தான் திருடுகிறது.

அங்கேதான் காற்றால் குளிரும் எஞ்சினின் சூட்சுமம் இருக்கிறது. இதற்குத் தண்ணீர் இல்லை, றேடியேற்றர் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வைத்திருந்தவர்கள் வெயில் காலத்தில் டிக்கியில் தண்ணீர்க் கானோடு ஏ9 இல் போன காலத்தில் பீற்றில்காரர் வெறுங்கையோடு போனார். தண்ணீர் இல்லையே தவிர காற்றுத் தானாக வந்து குளிர்விப்பதில்லை. பின்மூடியைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே கறுப்புத் தகரக் கூடு ஒன்று தெரியும். அதற்குள் ஒரு விசிறி. விசிறி டைனமோவின் அச்சில் இருக்கிறது. டைனமோவைச் சுற்றுவது ஒரே ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போய்விடும், குளிர்ச்சியும் போய்விடும். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். "கிட்டத்தானே கராஜ், போய்ப் பார்ப்போம்" என்று நினைத்தவர்களின் எஞ்சின்கள் கராஜ் மூலைகளில் பிரித்துக் கிடக்கின்றன.

அந்த பெல்ட்டை இறுக்குகிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டைனமோவின் கப்பி இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு நட்டைக் கழற்றினால் நடுவில் மெல்லிய தட்டை வளையங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் இரண்டு பாதியும் நெருங்கி, பெல்ட் மேலே ஏறி இறுகும். எடுத்த வளையத்தைத் தூக்கி எறிவதில்லை. அதே போல்ற்றில் வெளிப்பக்கம் மாட்டி வைக்க வேண்டும். அடுத்த பெல்ட் போடும்போது அது திரும்ப வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு உள்ளே போனால் சரி.

விசிறி எஞ்சினோடு கட்டுண்டது, காரின் வேகத்தோடு அல்ல. இதை விளங்கிக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். "மெதுவாகப் போனால் சூடாகாது" என்று நாலு பேரும் இரண்டு மூட்டை நெல்லும் ஏற்றிக்கொண்டு நாலாம் கியரில் நாற்பதில் இழுத்துக்கொண்டு போவார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆகவே விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. ஆனால் கால் அழுத்தியபடியே இருப்பதால் சூடு முழுதாகப் பிறக்கிறது. மூன்றாம் கியருக்கு இறக்கினால் சத்தம் கூடும், சூடு குறையும். வயசான மெக்கானிக்மார் "அதைப் பாட விடு" என்று சொல்வது இதைத்தான்.

சூட்டை வெளியே கொண்டுபோவதில் ஒயிலுக்கும் பெரிய பங்கு. இருப்பதோ இரண்டரை லீற்றர். பழைய எஞ்சின்களில் ஒயிலைக் குளிர்விக்கிற சின்னக் கூட்டை விசிறிக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அது மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றை மறிக்கிறது. உச்ச வேகத்தில் மணிக்கணக்காகப் பிடித்தால் முதலில் மூன்றாம் சிலிண்டரின் புகைபோக்கி வால்வுதான் எரியும் என்பது உலகம் முழுதும் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் பட்ட பாடு. 1970களின் தொடக்கத்தில் அந்தக் கூட்டைத் தனியாகப் பின்னால் ஒதுக்கினார்கள். அதிலிருந்து நிலைமை தேறியது.

எங்கள் பக்கத்துக் கார்களில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு: தகரம். எஞ்சினைச் சுற்றிப் பல தகரத் துண்டுகளும், எஞ்சின் அறையின் விளிம்பில் ஒரு றப்பர் வாரும் இருக்க வேண்டும். மேலே குளிர்ந்த காற்று, கீழே சுட்ட காற்று. இரண்டும் கலக்கக் கூடாது. எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது இரண்டு துண்டு மிஞ்சும். "இது சும்மா அலங்காரத்துக்கு" என்று மூலையில் போடுவார்கள். நான் ஒருகாலம் வைத்திருந்த 1300 இல் அப்படித்தான் நடந்தது. ஓமந்தை தாண்டி எண்பதில் கால்மணி நேரம் போனாலே கார் சோரும். காபரேற்றர் என்றார்கள், கொயில் என்றார்கள், இரண்டையும் மாற்றினேன். கடைசியில் இன்னொரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, றப்பர் வார் எங்கே?" தான் கக்கின சூட்டையே திரும்ப விழுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது கார். ஒரு சின்ன வாருக்கு நான் செலவழித்த காசை இங்கே சொல்ல வெட்கம்.

முறிகண்டியில் எல்லாரும் நிற்பது பிள்ளையாருக்குத்தான். ஆனால் பீற்றில்காரர் ஒயில் கம்பியை உருவி விரலால் பிடித்துப் பார்ப்பதற்கும் அது நல்ல இடம். பிடிக்க முடிந்தால் போகலாம். சுட்டு உதறினால் இன்னொரு சரை கச்சான் வாங்க வேண்டியதுதான்.

வன்னியில் இந்தக் கார்களுக்கு வேகம் என்ற பேச்சே இல்லாத ஒரு காலமும் இருந்தது. 90களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஊரோடு எழும்பி மல்லாவிப் பக்கம் வந்தபோது மாமாவின் கார் மண்ணெண்ணெயில்தான் வந்தது. அதுவும் பங்கீட்டு மண்ணெண்ணெய். இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்ய முடியாது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். குறைந்த அமுக்கம் என்றபடியால் மட்டமான எண்ணெயையும் தின்னும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சூடு பிடித்த பிறகுதான் மண்ணெண்ணெயை ஏற்கும். வேண்டாத நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் இன்னொரு பீய்ச்சல். பெற்றோல் போத்தலைப் பெரியம்மா நகையோடு சேர்த்து வைத்திருந்தா.

நாற்பத்தைந்துக்கு மேல் மிதித்தால் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னமே வெடிக்கிற சத்தம் அது. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். இரண்டரை லீற்றர் ஒயில்தான் குளிர்ச்சிக்கும் பாதி உயிர் என்று மேலே சொன்னேன். ஆகவே அந்த நாட்களில் மாமாவின் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 45. அதில் கர்ப்பிணிப் பெண்கள் போனார்கள், காய்ச்சல்காரர் போனார்கள், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை போனார். பின்னால் வெள்ளைப் புகை.

பிறகு 2002 இல் ஏ9 திறந்தது. குண்டும் குழியுமான வீதியில், கண்ணிவெடிப் பட்டிகளுக்கு நடுவே, வேகமாக ஓடுகிறவர்களுக்கு அப்போது அங்கே இருந்த புலிகளின் காவல்துறை தண்டம் எழுதியது. 2009 இல் எத்தனையோ வாகனங்களோடு எத்தனையோ பழைய கார்களும் புதுக்குடியிருப்புக்கு அப்பால் எரிந்து துருவாகிப் போயின. மாமாவின் காரும் அதிலொன்று.

காற்றால் குளிர்வதுதான் இந்தக் காரின் வேகத்துக்குத் தடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1948 இல் வந்த சித்ரோன் 2சீவீ 9 குதிரை வலுவோடு 65 இல் ஓடியது. 1957 இன் சின்ன ஃபியற் 500 க்கு 85. அதே காற்றுக் குளிர்ச்சியில், 1964 இல் வந்த போர்ஷ 911, 130 வலுவோடு 210 போனது. 1975 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் ரலடேகா ஓட்டத் தளத்தில் மார்க் டொனஹியூ போர்ஷ 917/30 என்ற பந்தயக் காரில் ஒரு முழுச் சுற்றைச் சராசரி 355 கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். பன்னிரண்டு சிலிண்டர், ஆயிரத்துக்கு மேல் குதிரை வலு, அதன் சிலிண்டர்களுக்கும் மேலே ஒரு விசிறிதான். பீற்றிலை 115 இல் நிறுத்தியது குளிர்ச்சியல்ல. வேண்டுமென்றே ஒடுக்கிய தொண்டையும், காற்றைக் கட்டிப்பிடிக்கிற உடம்பும்தான்.

நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1200 காரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். 60 இலிருந்து 120 க்குப் போனால் பிறேக் தின்ன வேண்டிய சக்தி நான்கு மடங்கு. எஞ்சின் பின்னால், முன்பக்கம் எடையில்லை. ஆனையிறவுக் கடலோரத்திலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பக்கக் காற்று அடித்தால் முன்சில்லு ஒரு கணம் வேறெங்கோ போக நினைக்கும். அதற்காக முன்பெட்டியில் அரை மூட்டை நெல் போட்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். கேலி செய்யாதீர்கள், அது வேலை செய்கிறது. இதற்கெல்லாம் மேலே சட்டம்: ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70, உள்ளே 50. நூறு போகலாம் என்றால் தெற்கே அதிவேக நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். வன்னியில் அப்படி ஒன்று இல்லை. பீற்றில் நிற்கிற நிலையிலிருந்து நூறைத் தொட அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கடைசிப் பத்துக் கிலோமீற்றரை ஏற்ற இன்னும் நீளமான வெறும் வீதி வேண்டும். அதற்குள் ஒரு மாடு வந்துவிடும்.

அன்று முறிகண்டியில் அவர் கச்சானை முடித்துவிட்டு, ஒயில் கம்பியைத் தொட்டுப் பார்த்து, மூடியைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். நாங்களும் அதே வழிதான். எங்கள் வான் அவருக்குப் பின்னால் வந்தது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்துக் கல்லை எண்ணினேன். 52 விநாடி. அடுத்தது 53. அடுத்தது மறுபடியும் 52. கிட்டத்தட்ட எழுபது. மோட்டார் சைக்கிள் பொடியன் எங்களையும் அவரையும் விலத்திக்கொண்டு ஓடினான். போகும்போது பீற்றிலுக்குப் பக்கத்தில் வந்து ஹோர்ன் அடித்தான். அவர் வேகத்தைக் கூட்டவில்லை, கையை வெளியே நீட்டி இரண்டு விரலை ஆட்டினார். இரணைமடுச் சந்திக்குச் சற்று முன்னால் எருமைக் கூட்டம் ஒன்று வீதியைக் குறுக்கறுத்தது. எல்லாரும் நின்றோம். பொடியனும் அங்கேதான் நின்றான், பீற்றிலுக்கு முன்னால், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு.